நெகட்டிவும் கிரே துணியும்

நமக்கு எட்டும் தூரத்தில், ஊட்டியில், ஃபிலிம் தயாரித்த மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது: இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960இல் நிறுவப்பட்டு, பிரான்ஸின் பொஷே நிறுவனம் தந்த தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே தயாரானவைதான். கலர் வந்தபோதே கறுப்பு வெள்ளைக்கு மவுசு குறைந்தது. டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமுக்கே வேலை இல்லை. 2014இல் ஆலையை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஃபிலிமுக்கு எமனான டிஜிட்டல் கேமராவும் ஒரு ஃபிலிம் கம்பெனியில்தான் பிறந்தது. 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கேமரா, ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது.

ஃபிலிமோடு நெகட்டிவும் போய்விட்டது என்று நினைக்கிறோம். போகவில்லை, இப்போது அதற்கு 'ரா' ஃபைல் என்று பெயர்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கி, சாயப்பட்டறைக்குப் போகாத துணியைக் கிரே துணி என்கிறோம். வெளிநாட்டு பையர்கள் எழுதும் 'கிரேஜ்', பதப்படுத்தாத பட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். ரா ஃபைலும் அப்படித்தான்: சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் கணக்கு மட்டும் அதில் இருக்கும். ஜேபெக் என்பது கேமராவே சாயம் போட்டுத் தரும் துணி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஜேபெக்கில் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. சாயத்தை உரித்து மறுசாயம் போட்டால் துணி நொய்ந்துபோவது போல, ஜேபெக்கை அதிகம் திருத்தினால் படம் கெடும்.

அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவை நம்பர் போட்ட கவரில் வைத்திருந்தார்கள். பல வருடம் கழித்தும் பிரிண்ட் போடலாம். அப்படி மிஞ்சிய தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. இன்றைய ரா ஃபைலோ பெரிது. ஆல்பம் கொடுத்ததும் ஹார்டு டிஸ்க்கில் இடம் வேண்டுமென்று அழித்துவிடுவது நடக்கிறது. ஐம்பது வருடம் கழித்துத் தேடுபவர்களுக்கு என்ன மிஞ்சும்?

பேரன் பேத்தி கல்யாணத்துக்கு ஃபோட்டோ பேசும்போதே ரா ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கேமரா கம்பெனிக்கும் ஒரு வகை ரா உண்டு. 2004இல் அடோபி பொதுவாக வெளியிட்ட டிஎன்ஜி வகையில் மாற்றித் தரச் சொன்னால் நல்லது. அந்தப் பெயருக்கே டிஜிட்டல் நெகட்டிவ் என்றுதான் அர்த்தம். இரண்டு டிஸ்க்கில் பதிந்து, இரண்டு வீட்டில் வையுங்கள்.