தென்னிந்தியத் திருச்சபை

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளைச் சார்ந்த சபைகள் ஒன்றுகூடி, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரே உடலாக அமைந்த கிறிஸ்தவ சமூகமே தென்னிந்தியத் திருச்சபையாகும். பேராயர்களின் ஆளுகையை உடைய சபையும் அதனைக் கொள்ளாத சபைகளும் இவ்வாறு இணைந்தது கிறிஸ்தவ சரித்திரத்தில் அரிய நிகழ்ச்சியாகும்.

தோற்றம்: மேனாடுகளில் அங்கங்கு எழுந்த பிணக்குகளால் பிரிந்துபோன சபைகள், தத்தம் மிஷனரிச் சங்கங்களின் வாயிலாக அப்பிரிவினைகளையும் இந்நாட்டிற்குக் கொணர்ந்தமையால், ஒரே ஆண்டவரைத் தொழுத விசுவாசிகள் ஒரே திருவிருந்தில் அமர இயலாதவராயினர். பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தது ஐக்கியத்திற்கு முதற்படியாயிற்று. 1706இல் மிஷனரியான சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், 1919ஆம் ஆண்டு மே மாதம் கூடிய, மிகப் பெரும்பாலும் இந்தியரேயான குருமார், பிளவுபட்ட சபை கூறும் சாட்சி வலிவிழக்கும் எனத் தெளிந்து, ஐக்கியத்தை வேண்டி அறிக்கை விடுத்தனர். அம்முயற்சியில் முன்னின்றவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் அபிஷேகம் பெற்ற திருநெல்வேலிச் சீமையின் வே. ச. அசரியா ஆவார். 1945இல் மறைந்த அவர், தாம் வித்திட்டதன் பலனைக் காணவில்லை.

அடிப்படைகள்: வேதாகமம், அப்போஸ்தலர் மற்றும் நைசீய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்துமாகிய இரு சாக்கிரமந்துகள், தொன்றுதொட்டு வரும் பேராயர் பதவி என்னும் நான்கின்மேல் ஐக்கியம் நிறுவப்பட்டது. முன்னரே பட்டம் பெற்றிருந்த குருமாருக்கு மறுபட்டம் விதிக்கப்படவில்லை. இனிப் பட்டம் பெறுவோர் பேராயர் கரத்தால் பெறுதல் வேண்டும் என்பது நியமமாயிற்று. இவ்வேற்பாட்டின் காரணமாக, இணைந்த நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்களும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் தமக்கிருந்த இடத்தை இழக்க நேர்ந்தது. கடல்கடந்த யாழ்ப்பாணமும் இத்திருச்சபையின் திருமண்டலங்களுள் ஒன்றாக அமைந்தது.

இயல்பும் நோக்கமும்: திருச்சபை கிறிஸ்துவின் சரீரம் என்பதும், விசுவாசிகள் அதன் அவயவங்கள் என்பதும் அப்போஸ்தலராகிய பவுலின் போதனை. ஆதலால் ஊழியம் குருமாருக்கு மட்டும் உரிய தனியுரிமையன்று. ஆராதிப்பதும், எளியோர்க்குத் தொண்டாற்றுவதும், நற்செய்திக்குச் சாட்சி பகர்வதும் ஞானஸ்நானம் பெற்ற யாவரின் கடமையாம். பேராயர், குருமார், சபை மக்கள் ஆகிய முத்திறத்தாரும் அமரும் சினாடு என்னும் பேரவை, இக்கருத்தை ஆட்சிமுறையிலும் நிலைநாட்டுகின்றது. தம்மைப் பின்பற்றுவோர் யாவரும் ஒன்றாயிருந்து, அதனால் உலகம் தம்மை விசுவாசிக்க வேண்டும் என்று இயேசு பெருமான் வேண்டியதாக யோவான் சுவிசேஷம் 17ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவ்வேண்டுதலையே குறிக்கோளாகக் கொண்ட இத்திருச்சபைக்கு, ஐக்கியம் தன் நலத்திற்காகத் தேடிய வலிமையன்று. பிறர்பொருட்டு ஏற்ற கீழ்ப்படிதலேயாம்.