துஞ்சினார்க்குரிய சிறப்பு: தொண்டைநாட்டுச் சான்றுகள் சில

தாம்பரத்துக்குத் தெற்கே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது பெருங்களத்தூர். 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பெற்ற இவ்வூர், இன்று வீடுகள் நெருங்கிய புறநகராய் விளங்குகின்றது. இதற்கு வடக்கே பல்லாவரத்திலும், தெற்கே செங்கற்பட்டைக் கடந்து மதுராந்தகப் பக்கத்துச் சாணூரிலும், குன்றடிகளில் மிகப் பழைய ஈமநிலங்கள் உள்ளன. பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு பூட்டு என்பார் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தமை பலரும் அறிந்ததே. அப்பக்கத்திலேயே, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், அலெக்சாண்டர் ரீ என்பார் சுடுமண்ணாலாய ஈமப்பேழைகளை அகழ்ந்தெடுத்தார். 1950, 1952ஆம் ஆண்டுகளிற் சாணூரிலும், 1955ஆம் ஆண்டிற் பொன்னேரிப் பக்கத்து அமிர்தமங்கலத்திலும் அகழ்வு நிகழ்ந்தது. கல்வட்டத்தின் நடுவே குழி, குழியினுள் கால்கள் பொருத்திய மண்பேழை அல்லது தாழி, அதனைச் சூழக் கறுப்புஞ் சிவப்புமாகிய கலங்கள், இரும்புக் கருவிகள் என இவை காணப்பெற்றன.

பேழையுள் உறங்குவாரைப்போல வைத்து, அருகே உண்கலமும் படைக்கலமும் இட்டுச்சென்ற அம்மக்கள் இறந்தாரை முற்றும் இல்லாதவராகக் கருதவில்லை என்பது தெளிவு. பெரும்பாலும் ஊன் கழிந்தபின் எலும்புகளையே தொகுத்துப் பெய்தமையின், இறுதிக்கடன் ஒருநாளில் முடியாது இருமுறை நிகழ்ந்ததெனல் பொருந்தும். இதற்குமேல், அவர்தஞ் சமயம் இன்னதென வரையறுத்தற்கு அக்கற்கள் இடந்தருவனவல்ல. கல்வட்டங்களைச் சிவலிங்க வழிபாட்டின் தொடக்கமெனக் காட்ட முயல்வது ஆர்வமிகுதியால் நேர்வதேயன்றி ஆராய்ச்சியாகாது.

தாழியைக் குறித்த சங்கச் செய்யுட்கள் இதனினும் உள்ளத்தைத் தொடுவன. வளவன் இறந்துழி ஐயூர் முடவனார் கலஞ்செய் வேட்கோவை நோக்கி, இத்துணைப் பெரும்புகழானை அடக்குந் தாழியை நின்னால் வனைதல் இயலுமோ என வினவி இரங்குகின்றார். புறநானூற்றின் மற்றொரு பாட்டில், கணவனை வழியிடையே இழந்த மடந்தையொருத்தி அவ்வேட்கோவிடம், தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையென வேண்டுகின்றாள். மணிமேகலையோ சுடுதல், இடுதல், குழியிற் படுத்தல், தாழ்ந்தவிடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என்னும் ஐவகையும் ஒரே ஈமப்புறங்காட்டில் நிகழ்ந்தனவாகக் கூறும். அக்காலத்து வழக்கம் ஒன்றாயிருந்ததில்லை. சுடுதலே தமிழர் மரபென்பாரும் புதைத்தலே தமிழர் மரபென்பாரும் ஒருபாற் சான்றையே கொண்டு வழக்காடுகின்றனர்.

இனி, பல்லாவரத்துக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் உரைக்கும் மயிலைச் செய்தியை நோக்குதல் வேண்டும். எலும்பைக் கலத்திற் காக்கும் வழக்கம் சைவ வரலாற்றினுள் விளங்கக் காணும் இடம் அதுவே. சிவநேசர் தம் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தர்க்கு உரியவளெனக் கருதி வளர்த்தார். மலர் கொய்யச் சென்றவிடத்து அரவு தீண்ட அவள் இறந்தாள். அவர் உடலைச் சுடுவித்து, எலும்பையுஞ் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டு, அக்குடத்தைக் கன்னிமாடத்தில் அமளியின்மேல் வைத்து, பட்டும் பூணும் சாந்தும் மாலையும் அணிந்து போற்றிவந்தார். பிள்ளையார் ஒற்றியூரினின்று மயிலைக்கு எழுந்தருளியபோது குடந் திருக்கோயில் மதிற்புறத்தே கொணரப்பட்டது. பதிகம் முற்றுப்பெறப் பூம்பாவை எழுந்தாள்.

அப்பதிகத்தைத் தனித்து ஓதிப் பார்ப்பார்க்கு ஒன்று புலனாகும். அதனுட் குடமும் இல்லை, எலும்பும் இல்லை. அடியார்க்கு அமுதூட்டும் விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையின் விழாக்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பெற்று, இவற்றைக் காணாமலே செல்கின்றாயோ என்னும் ஒரே வினா பாட்டுத்தோறும் கேட்கப்படுகின்றது. இவ்வினா தமிழ்நாட்டு மகளிர்க்குப் புதியதன்று. பிணத்தைச் சூழ்ந்திருந்து ஒப்பாரி வைப்பார், கட்டிய வீட்டைக் காணாமற் போனாயோ, பிள்ளையின் மணத்தைக் காணாமற் போனாயோ என்று கேட்டழுவது இன்றும் ஊர்தோறும் உள்ள வழக்கு. பிள்ளையார் அவ்வினாவின் வடிவை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினார். வீடும் மணமும் நின்ற இடத்திற் பெருமான் விழாவும் அடியார் பந்தியும் வந்து நின்றன. இழந்தது இன்னதென்று அழுவோர்க்கு, இழத்தற்கரியது இன்னதென்று காட்டுகின்ற பதிகமாக அஃது அமைந்தது. மகளை மணஞ்செய்து தர வேண்டிய சிவநேசரைப் பிள்ளையார் மறுத்ததும் இந்நோக்கில் வைத்து உணரத்தக்கது.

நிற்க. இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது சங்கநூல் தொட்டு வரும் வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றாங்கு, மன்னர் உயிர்நீத்த இடம் அவர் பெயரோடு சேர்ந்தது. சோழர் கல்வெட்டுக்களும் இம்மரபைக் கைவிடவில்லை. முதலாம் ஆதித்தன் தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சினவன். சுந்தரசோழன் பொன்மாளிகைத் துஞ்சினவன். 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் யானைமீதிருந்தபடியே மாய்ந்த இராசாதித்தன் ஆனைமேற் றுஞ்சினவன். துயில்வார்க்குப் பள்ளி வேண்டுமன்றோ? மன்னரை அடக்கஞ்செய்த இடத்து எடுத்த கோயில் பள்ளிப்படை எனப்பட்டது. ஆதித்தனுக்குக் காளத்திப் பக்கத்திலே அவன் மகன் முதற் பராந்தகனும், ஆற்றூர்த் துஞ்சின அரிஞ்சயனுக்கு மேற்பாடியிலே முதலாம் இராசராசனும், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பக்கத்திலே முதலாம் இராசேந்திரனும் எடுப்பித்தனர்.

பள்ளிப்படை மன்னனைத் தெய்வமாக்கிய செயலென்றும், ஆதலின் சித்தாந்த நெறிக்கு இழுக்கென்றும் கூறுவாருளர். இக்கருத்து ஆய்ந்து கொள்ளத்தக்கது. மேற்பாடிக் கோயிலின் பெயர் அரிஞ்சிகை ஈச்சரம். பட்டீச்சரத்தருகே உள்ளது பஞ்சவன்மாதேவீச்சரம். ஈச்சரமென்னும் ஈற்றுச்சொல்லே அங்கு வழிபாடு பெறுவான் சிவபெருமானென்பதற்குச் சான்று. இறந்தார் பெயர் அப்பெருமானுக்கு அடையாய் முன்னிற்கின்றது. ஞானியரை அடக்கஞ்செய்யும் முறையை வகுத்த திருமூலரும், குகையின்மேல் அரசமரமேனும் சிவலிங்கமேனும் தாபித்துப் பதினாறு உபசாரமுஞ் செய்க என்றாரே அன்றி, இறந்தார் உருவை நிறுவுக என்றாரில்லை. ஆனால் ஞானிக்கு உரைத்ததை வேந்தர்க்கும் உரிமையாக்கியது அரசச் செல்வாக்கென்பது மறைக்கத்தக்கதன்று. இக்கோயில்களிற் சிலவற்றில் மாவிரதியரும் இலகுலீச நெறியினரும் மிகுதியாகத் தொடர்புற்றிருந்தமை கல்வெட்டுக்களாற் புலனாகின்றது. வைதிக ஒழுக்கினர் சுடலைத் தொடர்பை அஞ்சிய காலத்தில் அவர் அஞ்சிலர்.

துஞ்சிய தலைவனோடு தானும் துஞ்சுதலே அன்பின் எல்லையென்பது அக்காலத்து மறவர் கோட்பாடு. சுந்தரசோழன் தேவி வானவன்மாதேவி குழந்தையை விட்டுத் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து கூறும். இக்கோட்பாட்டின் நடுவே வேறுவழிச் சென்ற ஒருவர் வரலாறு திருவொற்றியூர்க் கல்வெட்டில் உள்ளது. அவர் சேரநாட்டிற் பிறந்து, கலைகளெல்லாங் கற்று, சோழநாடு போந்து, இராசாதித்தனுக்கு உற்ற நண்பராயினார். இராசாதித்தன் நடுநாட்டிற் படையோடு தங்கியிருந்த நாளில், கிராமம் என்னும் ஊரிற் கோயிலெடுப்பித்த சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளன்குமரனே இவர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தக்கோலத்தில் தலைவன் பட்டான்; நண்பர் அப்போது உடனில்லை. உடனிறக்கும் பேறு தமக்கு வாயாமை அவரை வருத்திற்று. வாளைத் தம் கழுத்தில் வைத்திருப்பின் நாடு அவரைப் போற்றியிருக்கும், வீரக்கல்லும் நட்டிருக்கும். அவரோ உலகப்பற்றை நீத்து, கங்கையாடி, ஒற்றியூர் வந்து, நிரஞ்சன குருவினிடம் விரதம் ஏற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயர் பூண்டு, அவ்வூர் மடத்தின் தலைமையை எய்தினார்.

இக்கல்வெட்டு வெட்டப்பெற்றது எவன் ஆட்சியில் என்பதே வியப்புக்குரியது. தக்கோலத்தில் இராசாதித்தனை வீழ்த்திய படைக்குத் தலைவனாகிய இராட்டிரகூட வேந்தன் கன்னரதேவன் தொண்டைநாட்டை ஆண்ட காலமது. நண்பனைக் கொன்றவன் ஆட்சியாண்டைத் தலைப்பில் வைத்து, அந்நண்பன் பெயரை மறையாது பொறித்து, அவனோடு இறவாமையாலுற்ற துயரையும் அதனுள்ளே சொல்வித்திருக்கின்றார் பண்டிதர். பகைவனைக் குறித்து ஒரு வசைச்சொல்லும் அதிற் காணப்படவில்லை. கல்வெட்டின் வேலையும் புலம்பலன்று, அறக்கட்டளையே: திங்கள்தோறும் அவிட்டநாளில் ஒற்றியூர்ப் பெருமானுக்குச் சிறப்பு வழிபாடு நிகழ்தற்பொருட்டு ஊர்ச்சபையாரிடம் அவர் பொன் வைத்தார்.