பச்சிளங் குழந்தை வலிப்பு: மருந்துச் சிகிச்சை

பிறந்த 28 நாட்களுக்குள் வரும் வலிப்பு. பிரசவத்தின்போது மூளைக்கு ஒட்சிசன் குறைவதே முதன்மைக் காரணம். குருதியில் குளுக்கோசோ கல்சியமோ குறைந்தாலும் வரும். அதை உடனே சோதித்துச் சரிசெய்ய வேண்டும். முதல் மருந்து பினோபாபிட்டால்: கிலோவுக்கு 20 மில்லிகிராம், நாளத்தினூடாக. 2020இல் வெளியான ஒப்பீட்டாய்வில் இது 80 வீதமான குழந்தைகளில் வலிப்பை 24 மணிநேரம் அடக்கியது. ஒப்பிடப்பட்ட மற்ற மருந்தான லெவெற்றிரசிற்றாம் 28 வீதத்தில் மட்டுமே. அடங்காவிடில் பெனிற்றோயின், மிடசோலம், லிக்னோகேயின் போன்றவை. பெனிற்றோயின் ஏற்றிய குழந்தைக்கு லிக்னோகேயின் ஆகாது, இதயத்துடிப்பு குழம்பும். எதற்கும் அடங்காத வலிப்பில் பிரிடொக்சினை, அதாவது விற்றமின் பி6ஐ, மறக்கவே கூடாது; அரிய மரபுக் குறைபாடொன்றில் அதுவே உயிர்காக்கும் மருந்து. பினோபாபிட்டால் மூச்சையும் தணிக்கும். எனவே மன்னார்த் தீவிலிருந்து தாம்போதி கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் குழந்தையைக் கொண்டுசெல்வோர் வழிநெடுக மூச்சைக் கவனிக்க வேண்டும்.