ஆட்டுக்கண்ணும் பெண்ணின் தொப்பியும்

காதல் மனித குலத்திற்குப் பொதுவானது. ஆயின், அதனைச் சுட்டும் சொற்கள் தாம் பிறந்த சமுதாயத்தின் முத்திரையைத் தாங்கியே நிற்கின்றன. கண்ணால் ஆசை காட்டுதலைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களை வரலாற்று நோக்கில் ஆராய்வோர்க்கு இவ்வுண்மை தெற்றெனப் புலப்படும்.

காதல் மயக்கத்தோடு அசட்டுத்தனமாக ஒருவரை நோக்குதலை ஆங்கிலேயர் 'ஆட்டுக்கண் காட்டுதல்' என்பர். மான்விழியும் கயல்விழியும் கேட்டுப் பழகிய நமக்கு இது நகைப்பைத் தரலாம். ஆயின், 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய தொடர் இது. அன்று இங்கிலாந்தின் செல்வம் ஆட்டுமயிரிலே தங்கியிருந்தது. மேய்ச்சல் நிலத்துக்காக உழவர்கள் விரட்டப்படுவதைக் கண்ட தோமஸ் மோர், ஆடுகள் மனிதரையே விழுங்குகின்றன என்று 1516இல் வெளிவந்த 'உற்றோப்பியா'வில் சாடினார். அத்தகைய நாட்டில் ஆடு உவமையாக வந்ததில் வியப்பில்லை.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஓகிள்' என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. ஆசையோடு உற்று நோக்குதல் என்பது அதன் பொருள். ஓய்வும் பணமும் படைத்த நகரத்துக் கனவான்கள் இதனை ஒரு கலையாகவே பயின்றனர். 1711இல் அடிசன் 'ஸ்பெக்டேற்றர்' ஏட்டில் இதனை எள்ளி நகையாடினார். காலையில் தேவாலயத்துக்கு ஏற்ற பார்வையையும், இரவில் மெழுகுவர்த்தி ஒளியில் நாடகசாலைக்கு ஏற்ற பார்வையையும் கற்பிக்கும் ஓர் ஆசிரியனை அவர் படைத்தார். அதே ஆண்டில் அதே ஏட்டில் ஸ்டீல் வெளியிட்ட கடிதமொன்றிலே, தேவாலயத்தில் பெண்களை வெறித்து நோக்கி வழிபாட்டைக் குலைக்கும் ஒருவனைப் பற்றி ஒரு பெண் முறையிடுகிறாள். ஆணுக்கு வேடிக்கையாயிருந்தது பெண்ணுக்குத் தொல்லையாயிருந்தது.

ஆணின் பார்வையைக் கலையென்று கொண்ட சமுதாயம், பெண்ணின் விருப்பத்தை எவ்வாறு பேசிற்று? ஒருவனை மணக்க முயலும் பெண்ணை 'அவனை நோக்கித் தொப்பியை வைக்கிறாள்' என்று ஏளனம் செய்தது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவலொன்றில், சேர் ஜோன் மிடில்டன் இத்தொடரைச் சொல்லிச் சிரிக்கிறார்; மேரியான் என்னும் இளம்பெண் அது அருவருக்கத்தக்கது என்று முகத்திலறைந்தாற்போல் மறுக்கிறாள். 1847-48இல் வெளிவந்த தாக்கரேயின் 'வனிற்றி ஃபெயர்' நாவலில், அநாதையான பெக்கி ஷார்ப் தன் தோழியின் தமையனை நாடுகிறாள். இதே தொடரைக் கூறித்தான் அவனுடைய தந்தை அவனை எச்சரிக்கிறார். அவனோ வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் வரி அறவிடும் அதிகாரி. பெக்கியின் காதற் பார்வை நாடிய செல்வத்தில் வங்காள உழவனின் வியர்வையும் கலந்திருந்தது.

பெக்கியைப் பழிப்பது எளிது. ஆயின், அன்றைய சட்டம் யாது? மணமானதும் பெண்ணின் சட்டபூர்வமான இருப்பே கணவனுள் அடங்கிவிடுகிறது என்று 1765இல் பிளாக்ஸ்டோன் எழுதினார். மனைவி தன் உழைப்பின் ஊதியத்தைத் தனதாக்கிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சட்டமும், எவ்வகைச் சொத்தையும் தன் பெயரில் வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன. கௌரவமான தொழில்கள் பலவற்றின் கதவுகளும் மூடிக்கிடந்த நிலையில், நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குத் திருமணமே பிழைப்பு. பிழைப்பைத் தேடியவளை அச்சமுதாயம் வேட்டைக்காரியென்று நகைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பெண்கள் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பெருந்தொகையாக வேலைக்கு வந்தனர். 'மகிழ்கண் காட்டுதல்' என்னும் புதிய தொடர் அக்காலத்தில் பரவிற்று. அது இருபாலாருக்கும் பொருந்தியது. தொப்பித் தொடரோ இன்று பழமொழியாய்த் தேய்ந்துவிட்டது.

2021இல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம், வண்டிகளில் பெண்களை இச்சையோடு வெறித்து நோக்குதலும் பாலியல் தொல்லையே என்று அறிவிக்கும் பிரசாரத்தைத் தொடங்கியது. 1711இல் தேவாலயத்துப் பெண் எழுப்பிய முறைப்பாடு பொது அறிவித்தலாக மாற முந்நூற்றுப் பத்து ஆண்டுகள் சென்றன. இருவரும் விரும்பிக் கலக்கும் பார்வையே காதல். அத்தகைய பார்வைக்கு, பெண் தன் காலில் நிற்கும் சமுதாயம் முதலில் வேண்டும்.