‘ஜலதீப’மும் கனோஜி ஆங்கரேயும்

கடல் பாராத ஊர் நம்முடையது. மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. கடற்காற்று வேண்டுமாயின் தூத்துக்குடிக்குத்தான் செல்ல வேண்டும். அண்டையிலுள்ள வில்லிபுத்தூரில் இருந்தபடியே, கடலில் பிறந்த வெண்சங்கோடு ஆண்டாள் உரையாடியதை நினைக்கையில், மலையடிவாரத்தாருக்குக் கடல்மீது பழையதொரு மோகம் உண்டு என்றே தோன்றுகிறது. நம் தலைமுறையில் அம்மோகத்தை வளர்த்தவர் சாண்டில்யன் (1910–1987). குமுதத்தில் வெளிவந்த அவருடைய தொடர்கதைகள் வீடு வீடாகக் கைமாறின. இதழ் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்போது அட்டை இராது, கதை இருக்கும். அதுவே போதுமானதாயிருந்தது.

அவற்றுள் ‘ஜலதீபம்’ பற்றியே இங்கு எழுத விழைகிறேன். தஞ்சையிலிருந்து செல்லும் இதயசந்திரன் என்னும் தமிழ் இளைஞன், கொங்கணக் கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயிடம் கடற்போர் பயில்கிறான். இதயசந்திரன் கற்பனை; 1729இல் மறைந்த ஆங்கரே மெய்யான வரலாற்று மாந்தர். அவரை மாவீரராகவே நெஞ்சில் இருத்தியிருந்த எனக்குப் பின்னாளில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஜான் பிடல்ஃப் 1907இல் வெளியிட்ட ஆங்கில நூலில் அதே ஆங்கரே மலபார்க் கடற்கொள்ளையர் வரிசையில் நிற்கிறார்!

எது உண்மை? வழக்கு முழுவதும் ஒரு சீட்டைப் பற்றியது. தம் ஆட்சிக்குட்பட்ட கடலில் செல்லும் வணிகக் கலங்கள் தம்மிடம் பணம் கட்டி ‘தஸ்தக்’ என்னும் அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்றார் ஆங்கரே. பெறாத கலங்களைப் பிடித்தார். இம்முறையை அவர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் ‘கார்த்தாஸ்’ என்ற பெயரில் நம்மவர் கலங்களிடம் இதையே வாங்கினர். ஐரோப்பியர் வாங்கினால் ஆட்சி, ஆங்கரே வாங்கினால் கொள்ளை! 1713இல் பாலாஜி விசுவநாத்தின் வழியாகச் சாகு மன்னரோடு உடன்பாடு கண்ட பிறகு அவர் மராட்டிய அரசின் முறையான ‘சர்கேல்’, அதாவது கடற்படைத் தலைவர். கும்பினியார் அதைப் பொருட்படுத்தவில்லை. 1718இல் கந்தேரித் தீவைத் தாக்கித் தோற்றனர். 1721இல் போர்ச்சுகீசியரையும் சேர்த்துக்கொண்டு கொலாபாக் கோட்டையைத் தாக்கினர், அங்கும் தோல்வியே.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1712இல் ஆங்கரேயின் கலங்கள் பம்பாய் ஆளுநரின் படகைப் பிடித்தன. கார்வார் பண்டகசாலைத் தலைவர் சௌன் அச்சண்டையில் குண்டடிபட்டு மாண்டார். அவருடைய இளம் மனைவி கேதரின் சிறைப்பட்டாள். அவளுக்கு அது இரண்டாம் கணவனின் சாவு. மீட்புப் பணம் கொடுத்த பிறகே மறு ஆண்டு விடுதலை கிட்டியது. பின்னர் அவள் மணந்த வில்லியம் கிஃபர்டு, நம் மலைக்கு அப்பாலுள்ள அஞ்சுதெங்குக் கோட்டையின் தலைவர். 1721இல் ஆற்றிங்கலில் மக்கள் அவரையும் உடன் சென்றவர்களையும் கொன்றனர். கேதரின் கடல்வழியே சென்னைக்குத் தப்பினாள். மூன்று முறை கைம்பெண்ணான இவள் வாழ்வை எந்தத் தொடர்கதை ஆசிரியராவது கற்பித்து எழுதியிருந்தால், ‘மிகை’ என்று நாமே கடிதம் போட்டிருப்போம். சீட்டின் நியாயம் எதுவாயினும், பிடிபட்ட கலத்தில் இருந்தவர்களுக்கு அது கொள்ளையாகவே இருந்தது. கதையின் விறுவிறுப்பில் நான் எண்ணிப் பாராதது இது.

நம் பழம்பாடல்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. கடல் நடுவே கடம்பமரத்தைக் காவல்மரமாகக் கொண்டிருந்த பகைவரை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் அழித்ததைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. அக்கடம்பரைக் கடற்கொள்ளையர் என்று உரைப்பது வழக்கம். முசிறியை அணுகும் வழியில் கொள்ளையர் அச்சம் உண்டென்று உரோமானிய அறிஞர் பிளினியும் எழுதினார். ஆனால் கடம்பர் தம்மை என்னவென்று அழைத்துக்கொண்டனர்? வென்றவன் அவைப்புலவர் பாடியது நமக்குக் கிடைத்திருக்கிறது. தோற்றவன் பாட்டு கிடைக்கவில்லை. ஆங்கரேக்கோ மராத்தியில் ஆவணங்கள் எஞ்சின, தமிழில் ஒரு சாண்டில்யனும் வாய்த்தார். கதையில் வீரம் மிகுந்திருக்கலாம், காதலும் மிகுந்திருக்கலாம். கும்பினியார் ஒட்டிய பெயரை நம் வீட்டுத் திண்ணைகளிலிருந்து அகற்றியது அக்கதைதான்.

ஆங்கரே மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்தது அக்கதைக்குள் வராதது. 1756 பிப்ரவரியில் அவர் மகன் துளாஜியின் விஜயதுர்க்கம் வீழ்ந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்தன. கடலிலிருந்து தாக்கியவர்கள் ஆங்கிலேயர். தரைவழியே அவர்களுக்குத் துணையாக நின்றது பேஷ்வாவின் மராட்டியப் படை. அந்த ஆங்கிலேயக் கப்பற்படைக்குத் தலைவர் வாட்சன். உடன் வந்த தரைப்படைக்குத் தலைவர் ராபர்ட் கிளைவ். மறு ஆண்டு இவ்விருவரும் வங்காளத்தில் இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிளாசிப் போர் நடந்தது.