தள்ளுபடி யாருக்கு? வட சென்னைக் குடும்பங்கள் சிக்கனம் பிடித்த வரலாறு

கூப்பன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காதான். செய்தித்தாளில் வரும் கூப்பன்களைக் கத்தரித்து, பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது அந்த நாட்டுக் குடும்பத் தலைவிகளின் நீண்ட நாள் வழக்கம். 1880களின் கடைசியில் கோகோ கோலா நிறுவனம் "ஒரு கிளாஸ் இலவசம்" என்று சீட்டு அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்ததை இந்தப் பழக்கத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் கத்தரிக்கோல் கூப்பன் அப்படி வேரூன்றவில்லை. அதற்காக இந்தப் பகுதி மக்களுக்குச் சிக்கனம் தெரியாது என்று அர்த்தமில்லை. கூட்டுறவுக் கடை, ரேஷன் கார்டு, பலகாரச் சீட்டு, ஆடித் தள்ளுபடி என்று இங்கே வழிகள் வேறு. இவை அனைத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு சிக்கல். கையில் ரொக்கம் இருப்பவருக்குத்தான் பொருள் மலிவாகக் கிடைக்கும். அன்றாடம் கூலி வாங்குபவர் அந்த ரொக்கத்துக்கு எங்கே போவார்?

கஞ்சித்தொட்டியிலிருந்து துறைமுகம் வரை

ஹைதர் அலி காலத்துப் போரால் சென்னையில் பஞ்சம் வந்தபோது, 1782இல் ராயபுரம் பக்கத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை அதிலிருந்துதான் வளர்ந்தது. அந்த மருத்துவமனையைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பக்கத்திலிருக்கும் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களால் பெயர் பெற்ற ஊர்.

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வளர்ந்தது. சுதந்திரத்தையொட்டி தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப்., 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று கடற்கரை ஓரமெல்லாம் புகைபோக்கிகள் எழுந்தன.

வேலை வந்தது. ஆனால் எல்லோருக்கும் மாதச் சம்பளம் வரவில்லை. கப்பல் வந்தால் துறைமுகத்தில் கூலி உண்டு, வராத நாளில் இல்லை. மீன் பட்டால் காசிமேட்டில் காசு உண்டு, படாவிட்டால் இல்லை. இப்படி வாழும் குடும்பத்துக்குத் தெருமுனை மளிகைக் கடைதான் வங்கி. "நோட்டுல எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தையில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்குத்தான் சரக்கு எடுக்கிறார். திரும்பி வராத பாக்கியையும் அவர்தான் தாங்க வேண்டும். அதையெல்லாம் சரக்கின் விலையில் ஏற்றித்தான் அவர் பிழைக்க முடியும். வாங்குபவர் பேரம் பேச முடியாது, எடை குறைந்தால் கேட்க முடியாது, பழைய பாக்கி இருக்கும்வரை அடுத்த கடைக்கும் போக முடியாது. வட்டி என்ற சொல்லே வராமல் வட்டி கட்டும் முறை இது. அண்ணாச்சி கெட்டவர் என்பதல்ல விஷயம். பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அவர் நோட்டினால்தான். ஆனால் தள்ளுபடி என்பது அந்த நோட்டில் ஒருபோதும் எழுதப்படாத சொல்.

1918: விலை ஏறிய ஆண்டு

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றின் விலையும் ஏறியது. கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். சங்கம் உருவாகக் காரணமாக இருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அந்தப் பகுதி வியாபாரிகள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

அதே ஆண்டு செப்டம்பரில் விலையேற்றம் தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. சம்பளம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான், அந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு அரிசி கிடைக்கும் என்பதே மீதிப் பாதி என்று நகரம் அப்போது உணர்ந்தது.

வாங்குபவரே முதலாளி

இந்த மீதிப் பாதிக்கு ஒரு விடை இங்கிலாந்தில் ஏற்கனவே கிடைத்திருந்தது. 1844 டிசம்பரில் ராச்டேல் என்ற மில் ஊரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. விதிகள் எளிமையானவை: கலப்படம் இல்லை, சரியான எடை, கடன் கிடையாது. வருகிற லாபத்தை, யார் எவ்வளவு பொருள் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். இன்று "கேஷ்பேக்" என்று சொல்லப்படுவதன் மூத்த வடிவம் இது. ஒரே வித்தியாசம், அங்கே திருப்பிக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆள்.

அந்த முறையைப் பின்பற்றி 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடங்கியதுதான் டி.யு.சி.எஸ். எனப்படும் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இந்தியாவின் பழமையான நுகர்வோர் கூட்டுறவுகளில் முதன்மையானது இது. அதே 1904இல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களைத்தான் மனதில் வைத்திருந்தது. கடை நடத்தும் சங்கங்களுக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டது 1912இல்தான். சட்டத்துக்கு முன்னால் கடை வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் இதிலும் ஒரு தடை இருந்தது. பங்குத்தொகை கட்டி, பொருளுக்கும் ரொக்கம் கொடுக்க மாதச் சம்பளக்காரரால் முடிந்தது. கப்பலை எதிர்பார்த்து நிற்பவரால் எப்படி முடியும்? யாருக்கு மலிவு மிகவும் தேவையோ, அவரிடமிருந்து அது ஒரு படி தள்ளியே நின்றது.

ரேஷன் கார்டு என்ற பெரிய கூப்பன்

இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் வசம் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. 1943இல் சென்னையில் ரேஷன் முறை வந்தது. 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. முழங்கியது. வெற்றி பெற்றதும் அண்ணா அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று ரேஷன் அரிசியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது.

இலங்கைத் தமிழர்கள் பங்கீட்டு அரிசியைக் "கூப்பன் அரிசி" என்றே சொல்வார்கள். அங்கே 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். கூப்பன் என்பது வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை, அது ஒரு அரசையே அசைக்கக்கூடிய காகிதம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ரேஷன் கார்டின் சிறப்பு, அது மலிவு விலைக்குக் கைநிறைய ரொக்கம் கேட்காதது. பொங்கல் பரிசுக்காக இன்று வீடு வீடாகக் கொடுக்கப்படும் டோக்கனும் அதே வரிசையில் வருவதுதான்.

போனஸும் பலகாரச் சீட்டும்

தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒருமுறை மொத்தமாகக் காசு வரும் நேரம் தீபாவளி. 1965இல் வந்த போனஸ் சட்டத்தில் முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று இருந்தது, பின்னர் 8.33 சதவீதமானது. அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முன் கால் வைக்க இடம் இருக்காது. மொத்த விலைக்கு அருகில் துணி கிடைக்கும் அந்தத் தெருவில், போனஸ் கையில் இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் தொழிலாளி தள்ளுபடியைத் தேடிப் போகக்கூடிய நாட்கள்.

போனஸ் இல்லாத வீடுகள் என்ன செய்தன? அவர்களுடைய கண்டுபிடிப்புதான் பலகாரச் சீட்டு. தெருவில் நம்பிக்கையான ஒரு அக்கா மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை வசூலிப்பார். ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து இடுவார். தீபாவளிக்கு முன் மைதா, கடலை மாவு, எண்ணெய், வெல்லம், பட்டாசு, கூடவே ஒரு எவர்சில்வர் பாத்திரம் வீட்டுக்கு வரும். ஐம்பது வீட்டுச் சரக்கை மொத்தமாக எடுப்பதால் விலை குறையும். அந்த மிச்சம்தான் பாத்திரமாகவும் அக்காவின் வருமானமாகவும் மாறும். ராச்டேல் நெசவாளர்கள் செய்ததை, புத்தகம் எதுவும் படிக்காமல், சந்துக்குள்ளேயே செய்தார்கள் என்று சொன்னால் தவறில்லை.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ராச்டேலில் கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தது. பலகாரச் சீட்டில் கணக்கு ஒருவர் கையில். தீபாவளிக்கு முந்தைய வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடும் சீட்டுக்காரர்களைப் பற்றிய செய்தி ஏதாவது ஒரு ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997இல் ஒரு சட்டமும், முறைப்படுத்தப்படாத சேமிப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019இல் ஒரு மத்தியச் சட்டமும் வந்தன. சட்டம் வருவது பணம் போன பிறகுதான்.

இதே யோசனையைப் பாதுகாப்பாகச் செய்ய ஒரு வழியும் உண்டு. 1935இல் நெசவாளர் கூட்டுறவாகத் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் மாதாமாதம் தவணை கட்டி வந்தால், கடைசித் தவணையை நிறுவனமே போட்டு, தள்ளுபடி விலையில் துணியும் கொடுக்கிறது. மீனவர்களுக்கும் இப்படி ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. அவர்கள் 1,500 ரூபாய் கட்டினால், அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து மீன்பாடு குறைந்த மாதங்களில் கொடுக்கின்றன.

காலி சாஷேயும் ஆடி மாதமும்

தமிழ்நாட்டின் அசல் கூப்பன் கதை ஒன்று உண்டென்றால் அது ஷாம்பு சாஷேதான். 1983இல் தொடங்கிய சிக் நிறுவனம், காலி சாஷேக்களைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புது சிக் ஷாம்பு இலவசம் என்று அறிவித்தது. முதலில் எந்தக் கம்பெனியின் காலி உறையும் செல்லும், பிறகு சிக் உறை மட்டும். பாட்டில் வாங்க முடியாதவருக்குக் குப்பையே கூப்பன் ஆனது. ஆனால் சில்லறை சில்லறையாக வாங்கும்போது சேர்ந்து போகும் காசு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

ஆடித் தள்ளுபடியின் கணக்கு வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் துணிக்கடையில் கூட்டம் கிடையாது. சரக்கைத் தள்ளக் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். தீபாவளித் துணியை ஆடியிலேயே எடுப்பவர் கெட்டிக்காரர். ஆனால் காசிமேட்டு வீடுகளுக்கு அது எளிதல்ல. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். தடை முடியும் ஜூன் நடுவில் பள்ளிச் செலவு வந்து நிற்கும். அந்தக் கடனை அடைத்து நிமிர்வதற்குள் ஜூலையில் ஆடி வந்துவிடும். போனஸ் தீபாவளிக்கு வருகிறது, தள்ளுபடியோ ஆடிக்கு வருகிறது. காசு இருக்கும் மாதமும் மலிவு இருக்கும் மாதமும் ஒன்றாக வருவதே இல்லை.

போலி தள்ளுபடிக்கும் வரலாறு உண்டு. விலையை ஏற்றி எழுதி, பிறகு குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். இல்லாத மலிவைக் காட்டி விற்பதை முறையற்ற வணிகம் என்று 1984இல் சட்டத் திருத்தம் சொன்னது. 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதை உறுதி செய்தது.

பழைய நோட்டு, புதிய வடிவம்

இன்று கூப்பன் செல்போனுக்கே வந்துவிட்டது. ஒரு எண்ணைத் தட்டினால் நூறு ரூபாய் குறைகிறது. கூடவே "இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்" என்ற வரியும் வருகிறது. அந்த வரி புதிதல்ல. அது அண்ணாச்சியின் நோட்டுதான். ஆனால் முகம் தெரிந்த அண்ணாச்சி ஒரு வாரம் பொறுப்பார். செயலி பொறுக்காது, தாமதக் கட்டணம் போட்டுவிடும்.

இருநூறு ஆண்டுக்கும் மேலான இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். தனியாக நின்ற குடும்பத்துக்கு யாரும் எளிதில் விலையைக் குறைத்துவிடவில்லை. கூட்டுறவாக, சங்கமாக, சீட்டாக, வாக்காகச் சேர்ந்து நின்றபோதுதான் அரிசியும் துணியும் கைக்கெட்டும் விலைக்கு வந்தன. தள்ளுபடிப் பலகையைப் பார்க்கும்போது எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு, கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்றும் கேட்பது நல்லது.