செத்துப்போன விலை

1929 அக்டோபர் 24. நியூயார்க்கில் ஒரு புரோக்கர் ஆபீஸுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் ஒரு மெஷின் டிக் டிக்கென்று காகித நாடாவைத் துப்பிக்கொண்டிருக்கிறது. நாடாவில் கம்பெனிகளின் பெயர்ச்சுருக்கம், கூடவே பங்கு விலை.

இதுதான் 1867-ல் எட்வர்ட் கலஹான் உருவாக்கிய 'டிக்கர்'. அதற்கு முன்பு, விலையைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பையன்கள் தெருவில் ஓடுவார்கள். (ஐரோப்பாவில் இன்னும் வேடிக்கை. 1850-ல் ராய்ட்டர், ஆகனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே பங்கு விலையைப் புறாவிடம் கொடுத்து அனுப்பினார். ரயில் தோற்றது!)

அன்றைக்குக் கைமாறியவை சுமார் 1 கோடியே 29 லட்சம் பங்குகள். டிக்கர் திணறிவிட்டது. மார்க்கெட் மூடியது மதியம் 3 மணிக்கு. நாடாவோ ராத்திரி 7 மணி தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது! நீங்கள் படிப்பது எப்பவோ செத்துப்போன விலை.

பக்கத்தில் கடன் பத்திரங்களுக்கென்று இன்னொரு டிக்கர். அதில் அவ்வப்போது சில பங்குகளின் அப்போதைய விலையை மட்டும் அடித்தார்கள். முழு விவரம் தருகிற நாடா தாமதம். உடனுக்குடன் வருவதோ அரைகுறை. ஆனால் அந்த அரைகுறை, நாடாவைவிட ரொம்பக் கீழே இருந்தது. அப்படியென்றால் உங்கள் பங்கு? தெரியாது. பயந்துபோனவர்கள், 'என்ன விலைக்காவது தள்ளிவிடு' என்றார்கள். விற்பனை கூடக்கூட, நாடா இன்னும் பின்தங்கியது.

நிமிஷத்துக்கு 500 எழுத்து அடிக்கும் புது டிக்கர் 1930-ல்தான் வந்தது.